பஸ்ரா யானையும் பஸ்ரா குருவியும்

பேரீச்சம்பழம் ஒன்று ஷரீஃப்பின் மூக்கை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிக் கீழே விழுந்தது.

"தபாரு! உளுந்துச்சா? இதான் உன் ஆனை!" என்றார் வலியுல்லா.

"அது ஆனை இல்ல, உன் குருவி. பெட்ரோல் தீந்து பூட்ச்சு, தானா உளுந்துச்சு," என்றார் காதர், தட்டிலிருந்து அடுத்த பழத்தை எடுத்துக்கொண்டே.

ஷரீஃப் மூக்கைத் தடவிக்கொண்டார். சம்பந்தம் பேச வந்தவர்களுக்காக வைத்த பேரீச்சம்பழம் அது. இதுவரை ஒன்றைக்கூட யாரும் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் கூடத்து வானத்தில் பறந்துகொண்டிருந்தன.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஷரீஃப் டெய்லர் கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். ஷெர்வானியோ கோட்டோ, ஆளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த இந்த இரண்டு பேருடைய அளவு மட்டும் பிடிபடவில்லை.

காதர் அவருடைய மைத்துனர், மனைவி ஜமீலுன்னிசாவின் அண்ணன். அடுத்த தெருவில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்தார். வலியுல்லா மாப்பிள்ளையின் தகப்பனார். மாம்பலத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஷரீஃப்பின் ஒரே மகள் சகினாவுக்கு இது மூன்றாவது வரன். முதல் வரன் பெண் உயரம் என்று போய்விட்டது. இரண்டாவது வரன் காரணமே சொல்லாமல் போய்விட்டது. மூன்றாவதாக வந்த பையன் கலீமுல்லா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவன், அடக்கமானவன். அவனைக் கதவிடுக்கில் ஒரே ஒரு தடவை பார்த்த சகினா, அன்றிலிருந்து தையல் மிஷினுக்குத் தேவையே இல்லாமல் எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தாள். இதுவும் தட்டிப்போனால் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஷரீஃப்புக்குக் கவலை.

இத்தனைக்கும் போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. வலியுல்லாவின் மனைவி நஸ்ருன்னிசா உள்ளே போய்ப் பெண்ணைப் பார்த்தாள், பிடித்தது என்றாள். கூடத்தில் வலியுல்லா வந்து உட்கார்ந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்றால் அந்த முறுக்கு இருக்கத்தானே செய்யும் என்று ஷரீஃப்பும் விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து ஒரு விமானம் தலைக்கு மேலே கடகடவென்று போயிற்று.

காதர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் ஒரு ஏரோப்ளேனா சம்பந்தி? ஜெர்மன் சண்டை டயத்துல பஸ்ராவுல நான் பாத்தேனே, அது ஏரோப்ளேன்! மார்ட்டின்சைடுன்னு பேரு. வெள்ளக்காரனுங்களே அத்த எலிஃபண்டுன்னுதான் கூப்புடுவானுங்க. என் கையால பெட்ரோல் டின்னு தூக்கி ஊத்திகீறேன். ஒருவாட்டி ரொப்பினா அஞ்சு அஞ்சரை மணி நேரம் எறங்காது. எதிரி எம்மா நேரம் சுத்துவான்? பெட்ரோல் தீந்து அவன் எறங்கறப்போ மேல நின்னு அடிச்சுப் போட வேண்டியதுதான்!"

வலியுல்லா சர்பத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க பஸ்ராவுல இருந்தீங்களா?"

"ரெண்டு வருசம்."

"நானும்தான். ஏரோப்ளேன் றெக்கைக்குக் கம்பி முறுக்குற வேலை."

அட, இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தவர்கள்! ஷரீஃப்புக்கு உச்சி குளிர்ந்தது. ஊசியில் நூல் கோர்க்கிற நேரம்கூட அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

"ஆனா உங்க ஆனை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள அஸர் தொழுகையே முடிஞ்சிரும்," என்றார் வலியுல்லா. "பிரிஸ்டல்னு ஒண்ணு வந்துதே, ஒத்த றெக்கை, குருவி மாரி? சர்ருனு வரும், பட்டுனு திரும்பும். 'யாருடா அது'ன்னு ஆனை பாக்கறதுக்குள்ள பின்னாடி நின்னு படபடன்னு சுட்டுட்டுப் பூடும்."

"எம்மா நேரம் பறக்கும் உங்க குருவி?"

"ஒண்ணே முக்கா மணி."

காதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எதிரி கிட்ட போவ ஒரு மணி, திரும்பி வர ஒரு மணி. சண்டையே போடலன்னாலும் கால் மணி நேரம் கடன்தான் வாங்கணும்!"

ஐந்து நிமிடத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. பத்தாவது நிமிடத்தில் சர்பத் தம்ளர் யானையாகி, கரண்டி குருவியாகி, பாயெல்லாம் சர்பத். கிளம்பும் நேரத்தில் ஷரீஃப் தயங்கித் தயங்கி நிக்காஹ் தேதியைப் பற்றிக் கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து நஸ்ருன்னிசாவின் குரல் வந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றோம்ணே, பேசிக்கலாம்."

குரல் கரகரத்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று ஜமீலுன்னிசா பிறகு சொன்னாள். பெண் வீட்டில் புருஷனுக்கு இப்படி அவமானம் நடந்தால் எந்தப் பெண்தான் அழமாட்டாள்?

அடுத்த ஞாயிறுதான் இந்தப் பேரீச்சம்பழ ஞாயிறு. வலியுல்லா கடிகாரக் கம்பியை வளைத்து ஒரு குட்டி விமானமே செய்து கொண்டுவந்திருந்தார். காதர் தன் பங்குக்கு ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

விஷயத்தை இன்றைக்கே தீர்த்துவிடுவது என்று ஷரீஃப் எழுந்து நின்றார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? தூரமா போய் சண்டை போட ஆனை நல்லது. கிட்டக்க சண்டை போட குருவி நல்லது. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்."

இரண்டு பேரும் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"சண்டை வர்ற எடத்துல கோடு போட்டா வெச்சிருப்பான், இது தூரம், இது கிட்டக்கன்னு?" என்றார் வலியுல்லா.

"மாப்ளே, நீ பட்டனுக்குக் காஜா எடு. இது மிலிட்டரி விசயம்," என்றார் காதர்.

அன்றைக்கு வலியுல்லா கோபமாகச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். வலது காலில் காதரின் செருப்பு, இடது காலில் தன்னுடையது. தேதியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

"உங்க வாய வெச்சுக்கினு சும்மா இருக்கக் கூடாதா?" என்று ஜமீலுன்னிசா பிடித்துக்கொண்டாள்.

"நானா ஆரம்பிச்சேன்? உங்க அண்ணன்தான்!"

"எங்க அண்ணன் ஆனைய ஆனைன்னுதான சொன்னாரு?"

வீட்டுக்குள்ளேயே கட்சி சேர்ந்துவிட்டதைப் பார்த்ததும் ஷரீஃப் யோசித்தார். ஒரு கை தட்டினால் ஓசை வராது அல்லவா, அந்த ஒரு கையை ஊரை விட்டே அனுப்பிவிடலாம். ஆதம்பாக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு முப்பது டின் மண்ணெண்ணெய் வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வந்து பேசச் சொல்கிறார்கள் என்று காதரிடம் கதை கட்டினார். காதர் நம்பிப் புறப்பட்டுப் போனார்.

அந்த ஞாயிறு கூடம் அமைதியாக இருந்தது. அமைதி என்றால் அப்படியோர் அமைதி. வலியுல்லா வந்தார், உட்கார்ந்தார், வாசலைப் பார்த்தார். ஷரீஃப் மழையைப் பற்றிப் பேசினார். வலியுல்லா வாசலைப் பார்த்தார். ராஜாவின் வெள்ளி விழாவுக்குக் கொடி தைத்ததைப் பற்றிப் பேசினார். வலியுல்லா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, காற்றில் அரைவட்டம் திருப்பி, திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார்.

"தேதி..." என்று ஷரீஃப் இழுத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து நஸ்ருன்னிசா சொன்னாள்: "பொண்ணோட மாமு இல்லாம இன்னாண்ணே பேச்சு? அவரு இருக்கறப்போ வர்றோம்."

ஷரீஃப்புக்குச் சுரீரென்றது. தாய்மாமன் இல்லாத சபையில் சம்பந்தம் பேசுவார்களா? இத்தனை வயதாகியும் இந்த முறைகூடத் தெரியாமல் போயிற்றே! மாப்பிள்ளை வீட்டார் அதைக் குத்திக் காட்டிவிட்டுப் போகிறார்கள். சாயங்காலம் ஆதம்பாக்கம் முழுக்கக் கல்யாண வீடு தேடி அலைந்துவிட்டு, கால் வீங்கிப்போய்க் காதர் வந்து நின்றார்.

"மாப்ளே, அந்த ஊர்ல கல்யாணமே இல்லியே. ஒரு காதுகுத்துகூட இல்ல!"

அவர் சமாதானமாக ஜமீலுன்னிசா இரண்டு தடவை பிரியாணி செய்ய வேண்டியிருந்தது.

நான்காவது ஞாயிற்றுக்கு ஷரீஃப் ஒரு நிபுணரையே கூட்டிக்கொண்டு வந்தார். கங்காதரன் என்று பெயர். பரங்கிமலையில் வெள்ளைக்காரர்கள் விமானம் ஓட்டிப் பழகும் இடத்தில் விமானம் துடைக்கிறவர். அவருடைய காக்கி உடுப்பு ஷரீஃப் தைத்ததுதான். விமானத்தைத் தினமும் கையால் தொடுகிற மனிதர் சொன்னால் இரண்டு பேரும் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

கங்காதரன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கட்சியையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இத பாரு நைனா. ஆனையும் இல்ல, குருவியும் இல்ல. உள்ள குந்திக்கினு ஓட்றான் பாரு, அவன்தான் எல்லாம். நல்லா ஓட்றவன் கையில கட்டை வண்டியக் குடுத்தாலும் ஜெயிப்பான்."

வலியுல்லாவும் காதரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ சண்டைக்குப் போய்கிறியா?" என்றார் காதர்.

"இல்ல."

"ஏரோப்ளேன்ல பறந்துகிறியா?" என்றார் வலியுல்லா.

"தொடச்சிகிறேன்."

நான்கு வாரத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒற்றுமையாக எழுந்து, கங்காதரனின் இரண்டு தோளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். டீகூடக் குடிக்காத கங்காதரன் தெருவில் நின்று கத்தினார்.

"வாயால இன்னாத்துக்குப் பறக்க உடறீங்கோ? பீச்சாண்ட போயி காத்தாடி உட்டுப் பாருங்கோ, தெரியும்!"

அவர் ஏதோ ஆத்திரத்தில் சொன்னது அது. உள்ளே இரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

"அவன் சொல்றதுலயும் ஞாயம் கீது," என்றார் காதர் மெதுவாக. "நான் பெரிய காத்தாடி. ஆயிரம் கெஜம் நூலு. அதான் எனக்குப் பெட்ரோல்."

"எனக்குச் சின்னக் காத்தாடி. முந்நூறு கெஜம் போதும்," என்றார் வலியுல்லா. "யார் நூலு அறுதோ அவன் தோத்தான். சரியா?"

"சரி. நூலு யார் சுத்தறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஷரீஃப்பைப் பார்த்தார்கள். நூல் விஷயத்தில் மட்டும் தையல்காரரை இரண்டு கட்சியும் நம்பியது.

அந்த வாரம் முழுவதும் ஷரீஃப்புக்குச் சோறு இறங்கவில்லை. மைத்துனர் ஜெயித்தால் மாப்பிள்ளையின் தகப்பனார் தோற்பார். பெண் வீட்டுக் கையால் தோற்றவர், அதே பெண்ணை மருமகளாகக் கூட்டிக்கொண்டு போவாரா? காதர் தோற்றால் ஒரு மாதம் முறைப்பார், மூன்றாவது பிரியாணியில் சரியாகிவிடுவார். ஆகவே யானை தோற்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது அந்தக் காரியத்தைச் செய்தார். கண்ணாடித்தூள் பூசிக் காயவைத்த நூலைக் காதரின் கட்டையில் சுற்றிக்கொண்டே வந்து, நடுவில் இரண்டு முழத்துக்கு வெள்ளைக் கச்சா நூலை வைத்து முடிச்சுப் போட்டுவிட்டார். சட்டைக்கு அளவு பார்க்கும்போது ஒப்புக்குத் தைத்துவிட்டு உருவி எறிவார்களே, அந்த நூல். பலமாகத் தும்மினால் அறுந்துவிடும். நாற்பது வருடத் தொழிலில் ஒரு அங்குலம் துணிகூட யாரையும் ஏமாற்றியதில்லை. மகளை நினைத்துக்கொண்டு முடிச்சை இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கடற்கரையில் நல்ல காற்று. கரையில் ஏற்றிப் போட்டிருந்த படகின் நிழலில் ஜமீலுன்னிசாவும் சகினாவும் நஸ்ருன்னிசாவும் உட்கார்ந்தார்கள். கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெண் தேசம்மா, நரைத்த தாடியோடு இரண்டு பேர் காத்தாடி விடுவதைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள்.

காதரின் பெரிய காத்தாடி எழும்பியது. நிதானமாக, கம்பீரமாக, கடலைப் பார்த்து ஏறிக்கொண்டே போயிற்று. வலியுல்லாவின் சின்னக் காத்தாடி இங்கே குத்தி, அங்கே புரண்டு, ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது.

"வா, கிட்டக்க வா!" என்றார் வலியுல்லா.

"நான் இன்னாத்துக்கு வரணும்? நீ வா. என்கிட்ட பெட்ரோல் கீது," என்று காதர் நூலை விட்டுக்கொண்டே போனார்.

வெள்ளையாக இரண்டு முழம் அவர் விரலைத் தாண்டி வானத்துக்குப் போனது ஷரீஃப் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. குருவி ஒரு சுற்றுச் சுற்றி யானையை நோக்கிப் பாய்ந்தது. பாய்ந்ததே தவிர இன்னும் தொடவில்லை. அதற்குள் யானை காற்றில் ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, சலாம் வைக்கிற மாதிரி குனிந்து, தன் பாட்டுக்குக் கடலைத் தாண்டிப் போகத் தொடங்கியது.

காதர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஜெயிச்சுட்டீங்க சம்பந்தி!" என்று ஷரீஃப் கத்தினார்.

வலியுல்லா தலையை மட்டும் ஆட்டினார். காத்தாடியை இறக்கினார், நூலைச் சுற்றினார், மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்தார். ஷரீஃப் பக்கத்தில் போய், இனிமேல் தேதி வைத்துவிடலாமா என்று கேட்டார். வலியுல்லா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த காரியம் முடிந்துவிட்டது, மனிதருக்கு மனம் நிறைந்துவிட்டது என்று ஷரீஃப் நினைத்துக்கொண்டார்.

"அப்பாடா, சண்டை முடிஞ்சுது!" என்று படகுப் பக்கம் பார்த்துச் சொன்னார். நஸ்ருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் காதரின் குரல் கேட்டது.

"மாப்ளே, இங்க வா. இது இன்னா நூலு?"

மீதி நூலைச் சுற்றியவர் கையில் வெள்ளை நூலின் நுனி இருந்தது. அதில் தையல்காரன் முடிச்சு.

"இந்த முடிச்ச என் கல்யாண ஷெர்வானியிலயே பாத்துகிறேன். உன் முடிச்சு."

ஷரீஃப் அந்த முடிச்சைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம் மச்சான். சம்பந்தி ஜெயிச்சாத்தான் என் பொண்ணுக்குக் கல்யாணம் நடக்கும்னு..."

மணலில் உட்கார்ந்திருந்த வலியுல்லா துள்ளி எழுந்தார்.

"அப்போ நான் ஜெயிக்கலியா? ஏன்யா, எதிரி பெட்ரோல் டாங்கில ஓட்டை போட்டு உட்டு, அவன் உளுந்தா, நான் ஜெயிச்சேன்னு அர்த்தமா? இது இன்னா யுத்தம்? பஸ்ராவுல கண்டியா, இதுக்கு உன்னைச் சுட்டே போட்டிருப்பானுங்கோ!"

"கேளு! நல்லா கேளு!" என்றார் காதர். "ஓட்டை மட்டும் இல்லேன்னா ஆனை இந்நேரம் சிலோன் பக்கம் நின்னுக்கினு இருக்கும்."

வலியுல்லா அவர் பக்கம் திரும்பினார். "இன்னாது? ஓட்டை மட்டும் இல்லேன்னா உன் ஆனைய என் குருவி ரெண்டா அறுத்திருக்கும்!"

"எட்டுமா உன் நூலு?"

"திரும்புமா உன் காத்தாடி?"

"வர்ற ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்!"

"இன்னாத்துக்கு அது வரைக்கும்? நாளைக்கே வா!"

இரண்டு பேரும் கைகளை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு, ஒருவர் நேராகவும் இன்னொருவர் அவரைச் சுற்றிச் சுற்றியும், கத்திக்கொண்டே அலையோரமாக அடையாறு முகத்துவாரத்தை நோக்கிப் போய்விட்டார்கள். தேசம்மா கருவாட்டுக் கூடையை அவர்கள் வழியிலிருந்து நகர்த்தி வைத்தாள்.

ஷரீஃப் அப்படியே மணலில் உட்கார்ந்தார். போயிற்று. மூன்றாவது வரனும் போயிற்று. முதல் இரண்டையாவது மற்றவர்கள் கெடுத்தார்கள். இது தன் கையாலேயே, தன் ஊசியாலேயே கெடுத்துக்கொண்டது. படகுப் பக்கம் பார்த்தார். சகினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் கண்ணைப் பார்க்க முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகை வந்துவிட்டது.

யாரோ எதிரே வந்து உட்காரும் அரவம் கேட்டது. துண்டை எடுத்துப் பார்த்தார். நஸ்ருன்னிசா. இதுவரை திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் அவள் குரலைக் கேட்டிருக்கிறார். அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே அழுதாள். பின்னால் ஜமீலுன்னிசா ஒன்றும் புரியாமல் நின்றாள். நஸ்ருன்னிசா கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். நிச்சயத்துக்கு வாயில் போடும் சர்க்கரை. ஒரு சிட்டிகை எடுத்து ஜமீலுன்னிசாவிடம் கொடுத்து, ஷரீஃப்பின் வாயில் போடச் சொன்னாள்.

"பொண்ண மொத நாளே எங்களுக்குப் புடிச்சுப் போச்சுண்ணே, தேதி குடுத்துட்டா அப்புறம் எந்த சாக்குல ஞாயித்துக்கிழமை வர்றதுன்னுதான் இழுத்துக்கினு இருந்தேன், பஸ்ராவுலேர்ந்து வந்த பதினாறு வருசமா ஊமை மாரி குந்திக்கினு இருந்த மனுசன் உங்க ஊட்டுலதான் வாயத் தொறந்தாரு, நிக்காஹ் நீங்க சொல்ற அன்னிக்கே வெச்சுக்கலாம், இந்தச் சண்டைய மட்டும் தயவு பண்ணி தீத்து வெச்சிராதீங்க."